யாரும் எடுக்காத ஏரி அரசி

எங்கள் ஸ்டோர்விக் ஊரில் தட்டில் கடைசியாகக் கிடக்கும் பலகாரத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுப்பார்கள். அடுத்து வருபவர் மிச்சப் பாதியைப் பாதியாக்குவார். கூட்டம் கலையும்போது தட்டில் பட்டாணி அளவுக்கு ஒரு துணுக்கு இருக்கும். அதற்கும் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, மரியாதையாகக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். அமெரிக்காவில், மினசோட்டாவின் வடக்கு மூலையில் இதற்குப் பெயர் நாகரிகம். ஓரின் டாலென் மூன்று குளிர்காலம் மனம் நொந்து திரிந்ததற்குக் காரணமும் இந்த நாகரிகம்தான். அது தெரியவந்தது போன ஜனவரியில்.

ஓரினுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நகராட்சி ஹாக்கி அரங்கில் பனித்தரையைச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டுகிறார். பிள்ளைகள் கீறிக் குதறிவிட்டுப் போன தரையில் மெதுவாக வலம் வந்து, வெந்நீர் விட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு இறங்குவார். இறங்கிய உடனே பிள்ளைகள் மறுபடியும் குதறுவார்கள். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "இந்த வருஷம் வேலை கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். முப்பது வருஷமாக அதே பதில்.

சம்பளத்துக்குச் செய்யும் வேலை அது. உயிரைக் கொடுத்துச் செய்யும் வேலை வேறு. ஓரின் சீட்டு செய்கிறார்.

மந்திரவாதியும் டிராகனும் மோதிக்கொள்ளும் சீட்டு விளையாட்டு எல்லா ஊரிலும் உண்டு. கம்பெனி அச்சடிக்கும், பிள்ளைகள் வாங்குவார்கள். ஓரினுக்குக் கம்பெனி டிராகன்கள் ஒத்துவரவில்லை. "எல்லாம் வெயில்ல வளந்த ஜந்துங்க. நம்ம ஊர்ல ஒரு வாரம் தாங்காது" என்று சொல்லிவிட்டு, சொந்தமாக வரையத் தொடங்கினார். நீராவிக் குளியலறைக்குள் குடியிருக்கும் பூதம். ஜூன் மாதத்துக் கொசுப்படை. ஹாக்கி கோல்கீப்பரின் கவசத்தையே போட்டுக்கொண்ட வீரன். படத்தை நூலக இயந்திரத்தில் காகிதத்தில் அச்செடுத்து, விறைப்பாக நிற்பதற்காகப் பின்னால் பழைய கம்பெனிச் சீட்டு ஒன்றை வைத்து, பிளாஸ்டிக் உறையில் செருகிவிடுவார். இப்படி நானூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

வரைவது சுலபம். விலை வைப்பதுதான் பிராணனை வாங்கும். அவருடைய ஆட்டத்தில் முதல் சுற்றில் ஆளுக்கு ஒரு பனிக்கட்டி கிடைக்கும், இரண்டாம் சுற்றில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. பூதத்தை இறக்க ஐந்து பனிக்கட்டி வேண்டும் என்றால் ஐந்தாம் சுற்று வரை உயிரோடு இருக்க வேண்டும். விலை ஒன்று குறைந்தால் பூதத்தை வைத்திருப்பவன் எல்லாரையும் அடித்துத் துவைத்துவிடுவான். ஒன்று கூடினால் பூதத்தைச் சீந்த ஆளிருக்காது. எல்லாச் சீட்டும் சமமாக நிற்க வேண்டும், எதை எடுக்கலாம் என்று ஆடுகிறவன் தலையைச் சொறிய வேண்டும் என்பது ஓரினின் ஆசை. தரையைச் சமப்படுத்துகிற மனுஷனுக்கு வேறென்ன ஆசை வரும்?

விலையைச் சோதிக்கும் இடம் வெர்னா லிண்ட்வாலின் கடை. பாதி தூண்டில் கடை, பாதி சீட்டுக்கடை. ஒரு சுவர் முழுக்க உயிர்மீன் தொட்டிகள். தூண்டிலில் மாட்டும் குட்டி மீன்கள். அதற்கு எதிரே நீள மேசை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓரினின் பெட்டி அங்கே திறக்கும். வெர்னா எலுமிச்சைப் பலகாரம் சுட்டு, சதுரமாக வெட்டிக் கொண்டுவந்து வைப்பார். வெயில் காணாத மாதங்களில் நான் அங்கே போவது சூடேற்றும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருப்பதால்தான். சீட்டு எனக்கு வராது.

ஆட்டத்துக்கு முன் ஆளுக்கொரு பொட்டலம் கொடுப்பார்கள். அதிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இடப்பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். பொட்டலங்கள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து தீரும். நல்ல சீட்டு முதலில் போகும், சொத்தை கடைசியில் நிற்கும். எது எப்போது போகிறது என்று ஓரின் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசியில் நின்றது எதுவோ, அதன் விலையை இலையுதிர் காலத்தில் குறைப்பார். உலகத்தில் எங்கே செய்தாலும் இது சரியான முறைதான், ஸ்டோர்விக்கைத் தவிர.

ஏரி அரசி என்று ஒரு சீட்டு. உறைந்த ஏரிக்கு அடியில் இருந்து நிமிர்ந்து பார்க்கும் ஒரு பெண், தலையில் மீன்முள் கிரீடம். அவள் களத்தில் இறங்கினால் எதிராளியின் படை முழுவதும் ஒரு சுற்றுக்கு உறைந்துவிடும். ஏழு பனிக்கட்டி விலை. அருமையான சீட்டு, அதனால் யாரும் எடுக்கவில்லை.

எரிவாயு லாரி ஓட்டும் டுவேன் டோர்கெல்சனுக்கு அவளைப் பார்த்தாலே கை அரிக்கும். ஆனால் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கு முன்னால் நல்லதைத் தூக்கிக்கொள்வதா? தள்ளிவிட்டார். பாஸ்டர் மார்லிஸ் எக்டால் ஞாயிற்றுக்கிழமை பேராசையைப் பற்றிப் பேசுகிறவர். வெள்ளிக்கிழமை அரசியைக் கவ்வினால் நன்றாக இருக்குமா? அவரும் தள்ளினார். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் கௌ வாங், லாவோஸிலிருந்து குடியேறிய மோங் குடும்பத்தில் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர், எங்கள் எல்லாரையும்விட மரியாதை கூடியவர். ஆளாளுக்குத் தள்ளித் தள்ளி, அரசி ஒரு சுற்று முடிந்து ஓரினிடமே திரும்பி வருவாள். 'பாவம், ஒருத்தருக்கும் வேண்டாம் போல' என்று ஓரின் அவளை எடுத்துக்கொள்வார். அப்புறம் எல்லாரையும் தோற்கடிப்பார்.

ஜெயித்தவருக்கு அவள் பலம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை. ஓரின் எங்கள் ஊர்க்காரர். அவர் என்ன நினைத்தார் என்றால், பாவம் பார்த்து எல்லாரும் தன்னிடம் வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று நினைத்தார். சீட்டு சொத்தை, ஆட்கள் நல்லவர்கள். ஆகவே சீட்டைச் சரிசெய்ய வேண்டும். அடுத்த வருஷம் அரசியின் விலை ஐந்தானது. அப்போதும் யாரும் தொடவில்லை. செத்தால் கைக்கே திரும்பி வருவாள் என்று ஒரு வரம் கொடுத்தார். இவ்வளவு பலமானதை எடுத்தால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று இப்போது பயத்தில் தள்ளினார்கள். அதற்கடுத்த வருஷம் விலை மூன்று. ஏழு பனிக்கட்டிக்கே மகாராணியாக இருந்தவள் இப்போது மூன்றாம் சுற்றிலேயே வந்து இறங்கி, ஆட்டத்தை முடித்து, செத்து, திரும்பி வந்து, மறுபடியும் முடித்தாள்.

மேசை தேயத் தொடங்கியது. முன்பு எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குப் பேரனின் ஹாக்கி. லைல் பிரெக்கே, ஓரினின் பள்ளிக்கூடத் தோழர், திடீரென்று உறைந்த ஏரியில் துளைபோட்டு மீன்பிடிக்கக் கிளம்பிவிட்டார். கடைசியில் மிஞ்சியது ஓரின், டுவேன், பாஸ்டர், கௌ நால்வர்தான்.

புத்தாண்டு கழிந்த வாரத்தில் ஓரின் வெர்னாவிடம் தனியாகப் பேசினார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் வெர்னா என்னிடம் மட்டும் சொன்னார். நான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

"இந்த வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கறேன், வெர்னா."

"என்னத்த?"

"சீட்டதான். பெட்டிய சர்ச்சுல பழைய சாமான் விக்கிறாங்கள்ல, அதுல போட்டுரலாம்னு பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். பிள்ளைங்களாவது விளையாடட்டும்."

"ஏன், கை வலிக்குதா?"

"அவங்கல்லாம் எனக்காகத்தான் வர்றாங்க. வரப் பிடிக்காம வர்றாங்க. லைலே ஓடிட்டான். நான் ஒருத்தன் இருக்கறதுனால மூணு பேருக்கு வெள்ளிக்கிழமை போகுது. அது நல்லா இல்ல."

வெர்னாவும் எங்கள் ஊர்க்காரர்தான். ஒரு எலுமிச்சைத் துண்டைத் தாளில் சுற்றிக் கொடுத்து அனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை வெளியே எச்சில் துப்பினால் கல்லாக விழும் குளிர். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தார். பெயர் டெனிஸ் கார்போனி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. நாள் முழுக்க எலும்பைப் பார்க்கிறவர் என்பதாலோ என்னவோ, பேச்சிலும் சதை கிடையாது. கையுறை வாங்க வந்த அம்மணி மேசையைப் பார்த்ததும் கையுறையை மறந்துவிட்டார்.

"அட, சீட்டா! நான் காலேஜ்ல பைத்தியமா ஆடுவேன். ஒரு நாற்காலி இழுத்துப் போடுங்க."

எங்கள் ஊரில் இப்படி யாரும் தன்னைத் தானே அழைத்துக்கொண்டதில்லை. அந்த அதிர்ச்சியில் நாற்காலி வந்துவிட்டது. டுவேனுக்கு இடப்பக்கம், ஓரினுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். பொட்டலங்கள் பிரிந்தன. டுவேனின் பொட்டலத்தில் அரசி. டுவேன் வழக்கப்படி பெருமூச்சு விட்டுக் கொசுப்படையை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளினார். அம்மணி அதை விரித்தார். ஒரு சீட்டைப் படித்தார். மறுபடியும் படித்தார். டுவேனை ஏறிட்டுப் பார்த்தார்.

"இத விட்டுட்டா கொசுவ எடுத்தீங்க?"

"அது… பரவால்ல. நீங்க எடுத்துக்கோங்க."

"உங்களுக்கு ஏதும் ஜுரமா?"

எடுத்துவிட்டார். பட்டென்று, சத்தம் வர, தன் பக்கம் வைத்துக்கொண்டார். பாஸ்டர் "ஓ" என்றார். கௌ விட்டத்தை ஆராய்ந்தார். ஓரினுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷமாக நாதியற்றுக் கிடந்த பெண்ணை ஒருவர் முதல் ஆளாக வந்து எடுக்கிறாரே!

முதல் ஆட்டம் அம்மணிக்கும் ஓரினுக்கும். மூன்றாம் சுற்றில் அரசி இறங்கினாள். ஓரினின் படை உறைந்தது. ஓரின் எப்படியோ அவளைக் கொன்றார். அம்மணியின் கைக்குத் திரும்பிப் போனாள். அடுத்த சுற்றில் மறுபடி வந்தாள். மறுபடி உறைந்தது. ஓரின் ஆசை ஆசையாக வளர்த்து வைத்திருந்த பூதம் களத்தைப் பார்க்காமலே ஆட்டம் முடிந்துபோனது. தன் அரசியை அவர் இதுவரை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. பார்த்தவர் முகம் போன போக்கை நான் என் நாற்காலியிலிருந்தே கண்டேன்.

"எந்தப் புண்ணியவான் செஞ்சது இத?" என்றார் அம்மணி.

டுவேன் தன் கொசுப்படையை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினார்.

"நான்தான்" என்றார் ஓரின்.

"நீங்களா? அப்ப மத்ததெல்லாம்?"

"அதுவும் நான்தான்."

"மத்ததெல்லாம் அவ்வளவு நல்லா இருக்கே! அந்த கோல்கீப்பர்லாம் எனக்கு வீட்டுக்கே தூக்கிட்டுப் போகணும் போல இருக்கு. இது ஒண்ணுக்கு மட்டும் குடிச்சிட்டா விலை வெச்சீங்க?"

ஓரின் மெல்ல டுவேன் பக்கம் திரும்பினார். "டுவேன்… இது ரொம்ப பலமா இருக்கா?"

"பலம்னு அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது…"

"முடியும்! சொல்லுய்யா!" என்றார் அம்மணி.

டுவேன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "ஊஃப் டா" என்று ஒரு மூச்சு விட்டார். பல்வலிக்கும் பனிப்புயலுக்கும் எங்களிடம் உள்ள ஒரே சொல் அது. "மூணு வருஷமா எங்கள உயிரோட கொல்லுது, ஓரின்."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னேனே! முதல் வருஷமே சொன்னேன். 'வித்தியாசமா இருக்கு'ன்னு சொன்னேன்ல? அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

"பாஸ்டர்?"

"நான் 'நிறைய யோசிச்சிருக்கீங்க'ன்னு சொன்னேன், ஓரின். அன்னிக்கு வீட்டுக்குப் போயி ரொம்பக் கடுமையா பேசிட்டமோன்னு எனக்குச் சாப்பாடே இறங்கல."

கௌ தொண்டையைச் செருமினார். "நான் கணக்கு போட்டுப் பார்த்தேன். இவ வந்தா பத்துல ஒன்பது ஆட்டம் அங்கேயே முடியுது. சொல்லிடலாம்னுதான் வந்தேன். அன்னிக்குப் பார்த்து நீங்க எல்லாருக்கும் டோனட் வாங்கிட்டு வந்துட்டீங்க."

ஓரின் எழுந்து நின்றுவிட்டார். "சரி, சொல்ல வேண்டாம். எடுத்திருக்கலாம்ல? யாராவது ஒருத்தர் எடுத்திருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே! யாருமே தொடலையேன்னுதான்யா நான் விலைய கொறச்சுக்கிட்டே வந்தேன்!"

இப்போது மற்ற மூவரின் முகமும் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"நீ கொறச்சது அதனாலயா?" என்றார் டுவேன். "நாங்க உனக்கு அவ மேல அப்படி ஒரு ஆசைன்னு நினைச்சோம். படத்துல வேற உங்க அம்மா."

"எங்க அம்மாவா?"

"அந்த அரசி உங்க அம்மா சாயல்தானே? ஊரே அப்படித்தான் சொல்லுது. செத்துப்போன அம்மாவ எப்படிய்யா இன்னொருத்தன் எடுப்பான்?"

"அது இருமல் மருந்து பாட்டில்ல ஒட்டியிருந்த பொம்பளடா!"

அம்மணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நீங்க எல்லாரும் நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வாங்க. மண்டையப் படம் எடுத்துப் பாக்கணும்."

ஓரின் உட்கார்ந்தார். அரசியின் உறை விளிம்பை நகத்தால் நீவினார். கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

"லைலும் இதனாலதான் போனானா?"

"பின்ன? லைலுக்கு மீன் நாத்தமே ஆகாது" என்றார் டுவேன். "இந்த மகராசிகிட்ட தப்பிக்கத்தான் பனி மேல போயி குந்தியிருக்கான்."

"என்னால இல்லையா?"

"உன்னாலயா? யோவ், உன்னப் பாக்கத்தானே நாங்க இத்தனை உதையும் வாங்கிக்கிட்டு வந்துட்டிருக்கோம்!"

சொல்லிவிட்டார். ஸ்டோர்விக்கில் ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையிடம் இவ்வளவு பச்சையாகப் பேசி நான் கேட்டதில்லை. எல்லாரும் திகைத்துப் போய் மீன்தொட்டியைப் பார்த்தோம். மீன்களும் எங்களைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டன. ஓரின் மூக்கைச் சிந்தினார், ரொம்ப நேரம் சிந்தினார். கைக்குட்டையை எடுத்தபோது முகத்திலிருந்து மூன்று குளிர்காலம் வடிந்துபோயிருந்தது.

சரி, என்ன விலை வைப்பது? கேட்டதும் பழையபடி ஆளுக்கொரு திக்கைப் பார்த்தார்கள். உங்க இஷ்டம், ஓரின். எதுவா இருந்தாலும் சரி, ஓரின். அம்மணி தலையில் கைவைத்துக்கொண்டார். வழி சொன்னவர் பாஸ்டர். ஜெபத்தில்தான் எங்கள் ஆட்கள் உண்மை பேசுகிறார்கள் என்பது அவர் தொழில் அனுபவம். "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. எத்தனை பனிக்கட்டின்னு விரல காட்டுங்க. ஓரின் மட்டும் பாக்கட்டும்."

மூடினார்கள். ஏழு விரல், ஏழு விரல், எட்டு விரல். அம்மணி கண்ணைத் திறந்தபடியே ஏழு காட்டினார். ஓரின் முதன்முதலில் வைத்த விலையும் ஏழுதான். திரும்பி வரும் வரத்தைப் பறித்து, மூன்றை அடித்து, உறை மேலேயே தடிப் பேனாவால் ஏழு என்று எழுதினார்.

ருசி கண்டுவிட்டார் மனுஷன். அடுத்தடுத்துச் சீட்டை எடுத்து நீட்டி, "கண்ண மூடுங்க, கண்ண மூடுங்க" என்றார். கொசுப்படைக்குப் பாஸ்டரின் கட்டைவிரல் தரையை நோக்கி இறங்கிய வேகத்தை எங்கள் சபையார் யாரும் பார்க்காதது நல்லது. நானூறு பிள்ளைகளில் முப்பது பிள்ளைகள் மோசம் என்று தெரியவந்தது. ஓரின் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா! அப்படியா!" என்று சிரித்தார். தன் பிள்ளைகளைத் திட்டக் கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட தகப்பனை நான் கண்டதில்லை.

கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கொண்டே தயங்கினார். "பாஸ்டர், அந்தப் பெட்டிய விற்பனைக்குத் தர்றதா சொல்லியிருந்தேனே…"

"அய்யோ, இந்த வருஷம் இடமே இல்ல, ஓரின்" என்றார் பாஸ்டர். சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒரு லாரியையே நிறுத்தலாம். எங்கள் பாஸ்டர் கூசாமல் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"அப்ப இங்கயே இருக்கட்டும்" என்று பெட்டியை மீன்தொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து லைல் வந்தார். வாசலிலேயே நின்று பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை ரொம்ப நேரம் தட்டினார்.

"மீன் கடிக்கல" என்றார்.

"இந்த வருஷம் எங்கயுமே கடிக்கலன்னு சொல்றாங்க" என்றார் ஓரின், அவருக்கு ஒரு பொட்டலத்தைத் தள்ளியபடி. வேறு எந்த விளக்கமும் கேட்கப்படவில்லை, கொடுக்கப்படவும் இல்லை.

பொட்டலங்கள் சுற்றின. அரசி ஒருவரிடம் நின்று, யோசிக்க வைத்து, நகர்ந்தாள். அடுத்தவரிடம் நின்றாள், நகர்ந்தாள். டெனிஸ் அம்மணியே அவளை ஒருமுறை வருடிப் பார்த்துவிட்டு கோல்கீப்பரை எடுத்துக்கொண்டார். அப்புறம் லைல். லைல் அவளைப் பார்த்தார். விலையைப் பார்த்தார். மேசையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் தங்கள் கையில் உள்ள சீட்டை அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்கள் மாதிரி குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். லைல் தலையைச் சொறிந்தார். சொறிந்தபடியே அவளை உருவி எடுத்துக்கொண்டார்.

"எடுத்துட்டான்யா!" என்று அம்மணி கத்தினார்.

முதலிலும் போகவில்லை, கடைசியிலும் நிற்கவில்லை. ஓரின் அன்று லைலிடம் தோற்றார். லைலின் அரசி ஏழாம் சுற்றில் வந்து இறங்கும் வரை இருவரும் சரிக்குச் சரியாக நின்றார்கள். தோற்றவர் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, வயிறு நிறைய மூச்சு விட்டார். பிறகு கையை நீட்டி, தட்டில் ஒற்றையாகக் கிடந்த எலுமிச்சைப் பலகாரத்தை, கத்தி பக்கத்திலேயே இருக்க, முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெர்னா என் காதருகே குனிந்தார்.

"வித்தியாசமா இருக்கு" என்றார்.